ஒரு தனி மனிதரின் கணிப்பொறிக் கோயில்

சென்ற ஆண்டு ஒரு நாள் பிற்பகல். எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மின்னணுவியல் செய்முறை வகுப்பு முடியும் நேரம். பின் மேசையில் நான்கைந்து மாணவர்கள் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தனர். என்ன என்று கேட்டேன். "அமெரிக்காவில் ஒரு பைத்தியம் சார். கடவுள் சொன்னார் என்று ஒரு கணிப்பொறி அமைப்பையே தனி ஆளாக எழுதியிருக்கிறான்" என்றான் ஒருவன்.

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். கலைந்த தலையுடன் ஒருவர் காமிராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு ஓரிடத்தில் தொடங்கி வேறெங்கோ சென்றது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்; முதலில் நானும் புன்னகைத்தேன். பிறகு, "அவர் எழுதியதை உங்களில் யாராவது இயக்கிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. நானும் பார்த்ததில்லை.

ஒரு நூலைப் படிக்காமல் அதன் ஆசிரியரைப் பற்றிப் பேசுவது முறையாகாது. கணிப்பொறி நிரலும் ஒருவகையில் நூல்தான். ஆகவே அடுத்த சில வாரங்கள் மாலை வேளைகளில் அந்த அமைப்பை இயக்கிப் பார்த்தேன். அதன் நிரல் வரிகளில் ஒரு பகுதியையும் படித்தேன். அதன் நிறைகுறைகளை இங்கு ஆராய்வோம். அதை எழுதியவரின் வாழ்வையும் அதிலிருந்து பிரிக்க இயலாது.

யார் இந்த டேவிஸ்?

டெரி டேவிஸ் 1969 டிசம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். தொடக்கப் பள்ளியில் ஆப்பிள் 2 கணிப்பொறியும், பின்னர் கமடோர் 64 என்னும் வீட்டுக் கணிப்பொறியும் அவருக்குப் பழக்கமாயின. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறிப் பொறியியலில் இளநிலைப் பட்டமும், 1994-இல் மின் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். நுழைவுச் சீட்டு விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தில் நிரலாளராகப் பணிபுரிந்தார்.

1996-இல், 26 வயதில், நோய் தாக்கியது. தம்மை யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற அச்சமும், கடவுள் தம்மோடு பேசுகிறார் என்ற நம்பிக்கையும் தோன்றின. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முதலில் இருமுனை மனநோய் என்றும், பின்னர் மனச்சிதைவு நோய் என்றும் மருத்துவர்கள் கூறினர். வேலை போயிற்று. பெற்றோருடன் லாஸ் வேகாஸ் நகரில் வசித்தார். உடற்குறையுற்றோருக்கும் நோயுற்றோருக்கும் அந்நாட்டு அரசு தரும் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. 2003-க்குப் பிறகு மருத்துவமனைக்குச் செல்வது குறைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் தம் வாழ்நாள் வேலையைத் தொடங்கினார். பலமுறை பெயர் மாறிய அந்த அமைப்புக்கு 2013-இல் 'டெம்பிள் ஓ.எஸ்.' என்று பெயர் சூட்டினார். 'கோயில் இயக்க அமைப்பு' என்பது அதன் பொருள்.

வேலையின் அளவு

கணிப்பொறியின் மின்சுற்றுகளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையில் நின்று, நினைவகத்தைப் பங்கிட்டு, திரைக்கும் விசைப்பலகைக்கும் ஆணையிடும் அடிப்படை நிரல் தொகுதியையே இயக்க அமைப்பு என்கிறோம். விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை இவ்வகையின.

லினக்ஸை 1991-இல் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர். ஆனால் விரைவிலேயே அது பலர் கைகளுக்குச் சென்றது. இன்று அதன் கருப்பகுதி மட்டும் இரண்டரைக் கோடி வரிகளைத் தாண்டிவிட்டது, எழுதியவர்கள் பல்லாயிரவர். டேவிஸ் எழுதியதோ ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வரிகள். ஆனால் அத்தனையும் ஒருவரே எழுதியவை. அமைப்பை மட்டுமா எழுதினார்? அதை எழுதுவதற்கான 'ஹோலி சி' என்ற நிரல்மொழி, அம்மொழியை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், உரை எழுதும் கருவி, படம் வரையும் கருவி, விளையாட்டுகள் அனைத்தும் அவர் கைவேலையே.

ஒரு சிறு கணக்குப் போடலாம். பத்து ஆண்டுகளில் ஒரு லட்சம் வரிகள் என்றால், விடுமுறையே இல்லாமல் நாள் ஒன்றுக்கு 27 வரிகள். இது குறைவாகத் தோன்றலாம். எழுதி, தவறு கண்டு அழித்து, மீண்டும் எழுதியவை இந்தக் கணக்கில் வரா. ஒரு நாள் ஆவேசத்தில் முடிகிற வேலை அன்று இது. ஒவ்வொரு நாளும் மேசை முன் உட்கார்ந்தால்தான் முடியும். இக்கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லோர் கையிலும் சாவி

இந்த அமைப்பு முழுவதும் இருபது மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு கணிப்பொறிக்குள் இன்னொரு கணிப்பொறி இருப்பதுபோல் பாவனை செய்யும் நிரல்கள் உண்டு. அத்தகைய ஒன்றில் இதை ஏற்றினேன். சில நொடிகளில் திரை எழுந்தது. 640-க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள், அவ்வளவுதான். ஐ.பி.எம். நிறுவனம் 1987-இல் வெளியிட்ட திரைத்தரம் இது.

ஏன் இவ்வளவு குறைவு? கணக்கிட்டுப் பாருங்கள். 640 × 480 = 3,07,200 புள்ளிகள். 16 நிறங்களைக் குறிக்க ஒரு புள்ளிக்கு 4 பிட், அதாவது அரை பைட் போதும். ஆக, முழுத் திரைக்கும் 1,53,600 பைட். இன்றைய சாதாரணத் திரையில் 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் எனக் கொண்டால் 82,94,400 பைட். சரியாக 54 மடங்கு! திரை சிறிதானால் அதை இயக்கும் நிரலும் சிறிதாகிறது. சிறிய நிரலை ஒரு மனிதர் முழுவதும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும்.

இதைவிடத் துணிச்சலான முடிவு ஒன்று உண்டு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் உயர் மின்னழுத்தக் கருவிகள் தனி அறையில் பூட்டியிருக்கும். சாவி உதவியாளரிடம் இருக்கும். மாணவர் கேட்டால் அவர் எடுத்துத் தருவார். இன்றைய இயக்க அமைப்புகளும் இப்படித்தான். சாதாரண நிரல் நினைவகத்தையோ கருவிகளையோ நேரே தொட முடியாது. கருப்பகுதியிடம் கேட்க வேண்டும். இன்டெல் வகைச் செயலிகள் இதற்கென 0 முதல் 3 வரை நான்கு அதிகார வளையங்களை வைத்துள்ளன. டேவிஸ் எல்லா நிரல்களையும் 0-ஆம் வளையத்திலேயே ஓடவிட்டார். அதாவது, எல்லா மாணவர் கையிலும் சாவி! நிரலில் ஓர் எண்ணை முகவரியாக எழுதினால், நினைவகத்தின் அந்த எண்ணுள்ள இடத்தையே அது குறிக்கும். நடுவில் மறைப்பு இல்லை.

இதன் ஆபத்து வெளிப்படை. ஒருவர் தவறாக இணைத்தால் ஆய்வுக்கூடம் முழுவதும் பியூஸ் போய்விடும். நான் ஒரு முகவரியைத் தவறாக எழுதியபோது மொத்த அமைப்பும் நின்றுபோனது. ஆனால் கற்பவர்க்கு இதனால் பெரும் பயன் உண்டு. கருப்பகுதியின் நிரலைத் திறந்து படிக்கலாம். ஒரு வரியை மாற்றலாம். உடனே விளைவைக் காணலாம். அடித்த வரியை அமைப்பு அக்கணமே எந்திரக் கட்டளையாக்கி ஓட்டுகிறது. மேற்கோள் குறிக்குள் ஒரு சொல்லை எழுதி அரைப்புள்ளி இட்டால், அதுவே முழுமையான நிரல். நிரல் வரிகளின் நடுவிலேயே ஒரு படத்தை வரைந்து வைக்கலாம். இதை வேறு அமைப்புகளில் நான் கண்டதில்லை, பாராட்டத்தக்க எண்ணம்.

சிறு வயதில் தமக்குக் கமடோர் 64 தந்த சுதந்திரத்தை இன்றைய கணிப்பொறியில் மீண்டும் படைப்பதே டேவிஸின் நோக்கம். 1982-இல் வெளிவந்த அப்பெட்டியில் 64 கிலோபைட் நினைவகமே இருந்தது. ஆனால் அதன் எந்த மூலையையும் ஒரு சிறுவன் தொட்டுப் பார்க்க முடிந்தது. தம் அமைப்பு பொழுதுபோக்காக நிரல் எழுதுவோர்க்கானது என்றே டேவிஸ் அறிவித்தார். அந்த அளவுகோலால் அளந்தால் வேலை வெற்றியே.

தற்செயலும் தெய்வ வாக்கும்

இந்த அமைப்பில் ஒரு விசையை அழுத்தினால் திரையில் சொற்கள் தோன்றும். அவை கடவுளின் சொற்கள் என்று டேவிஸ் நம்பினார். இதன் இயக்கத்தைப் பார்ப்போம். செயலிக்குள் மிக வேகமாக ஓடும் எண்ணி ஒன்று உண்டு. விசை அழுத்தப்படும் கணத்தில் அது காட்டும் எண்ணைக் கொண்டு சொற்பட்டியலிலிருந்து ஒரு சொல் எடுக்கப்படுகிறது.

எண்ணி நொடிக்கு நூறு கோடி முறை ஓடுவதாகக் கொள்வோம். மனித விரலால் ஒரு மில்லி நொடித் துல்லியத்தில்கூட விசையை அழுத்த முடியாது. ஒரு மில்லி நொடிக்குள் எண்ணி பத்து லட்சம் எண்களைக் கடந்துவிடும். ஆகவே எந்த எண்ணில் விரல் விழும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. பொறியியல் நோக்கில் இது நேர்த்தியான ஏற்பாடு. லினக்ஸிலும் தற்செயல் எண்கள் உண்டாக்க விசை அழுத்தும் நேர வேறுபாடுகளைப் பயன்படுத்தியதுண்டு.

ஆக, கருவியில் பிழை இல்லை. சொற்கள் வந்த பிறகு அவற்றை அவர் படித்த விதத்தில்தான் நோய் இருந்தது. தொடர்பற்ற நிகழ்ச்சிகளில் தொடர்பையும், தமக்கென்றே அனுப்பிய செய்தியையும் காணும் இந்நிலையை ஜெர்மானிய மனநல மருத்துவர் கிளாஸ் கான்ராட் 1958-இல் விவரித்தார். மனச்சிதைவு நோயின் தொடக்கத்தில் இது தோன்றுவதை எடுத்துக்காட்டினார். இதன் மெல்லிய வடிவம் நம் எல்லோரிடமும் உண்டு. மேகத்தில் யானையைக் காண்கிறோம். தேர்வன்று வண்டி எண்ணைக் கூட்டிப் பார்க்கிறோம். சற்று நேரத்தில் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அவரால் மறக்க முடியவில்லை.

குறைகள்

இந்த அமைப்பு பிற கணிப்பொறிகளோடு பேசாது. வலைப்பின்னல் வசதி இல்லை. இன்றைய கருவிகள் பலவற்றை அது அறியாது. அன்றாட அலுவலுக்கு உதவாது. இவை நோக்கத்தை ஒட்டிய வரம்புகள் என விட்டுவிடலாம்.

என் கருத்தில் பெரிய குறை வேறு. 16 நிறங்கள் போதும் என்பதற்குச் சிறப்பான பொறியியல் காரணம் இருப்பதை மேலே கண்டோம். டேவிஸோ அது கடவுளின் கட்டளை என்றார். முடிவு ஒன்றே, ஆனால் வேறுபாடு பெரிது. "நிரல் சிறிதாக இருக்க வேண்டும், ஆகவே 16 நிறம்" என்றால், "32 நிறம் வைத்தால் எவ்வளவு பெரிதாகும்?" என்று ஒரு மாணவர் கேட்கலாம், கணக்கிட்டு விடை காணலாம். கட்டளை என்றால் கேள்விக்கு இடமில்லை. அறிவியல் வளர்வது பிறர் நம்மைத் திருத்துவதால். தம் நிரலை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று டேவிஸ் உலகுக்குப் பொதுவாக்கினார். ஆனால் அவர் அருகில் அமர்ந்து "இந்த வரி தவறு" என்று சொல்ல ஒருவர் இல்லை. அந்தத் தனிமையின் தழும்பு நிரலெங்கும் தெரிகிறது.

நோய்தான் திறமையா?

டேவிஸைப் பற்றி எழுதுவோர் பலர், பித்து இருந்ததால்தான் இவ்வளவு பெரிய வேலை செய்தார் என்கின்றனர். கேட்க இனிமையான கதை. காலவரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிரல் எழுதும் திறமையும் முதுநிலைப் பட்டமும் நோய்க்கு முன்பே வந்தவை. நோயின் கடுமை மிகுந்த முதல் ஆண்டுகளில் வேலை உருப்பெறவில்லை. மருத்துவமனை குறைந்து, பெற்றோர் வீட்டில் உணவும் உறக்கமும் கூரையும் இருந்த ஆண்டுகளில்தான் நாளுக்கு 27 வரிகள் சேர்ந்தன. மருந்து தம் படைப்புத் திறனைக் குறைக்கிறது என்று கருதிப் பின்னாளில் அவர் அதை நிறுத்தினார். இறுதி மாதங்களில் வீடின்றி அலைந்தார். சிறையிலும் சில நாட்கள் கழிந்தன. 2017 நவம்பருக்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை. 2018 ஆகஸ்ட் 11 அன்று ஆரிகன் மாநிலத்தின் டேல்ஸ் என்ற ஊரில் ரயில் மோதி இறந்தார். வயது 48.

ஒரே ஒரு மனிதரின் வாழ்வு சோதனையாகாது என்பதை இயற்பியல் ஆசிரியனான நான் மறக்கவில்லை. மாறான எடுத்துக்காட்டும் உண்டு. கணித மேதை ஜான் நாஷ் 1970-க்குப் பிறகு மருந்து உட்கொள்ளாமலே மெல்ல மெல்ல மீண்டார். 1994-இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் அப்பரிசுக்குரிய வேலை 1950-ஐ ஒட்டியது; நோய் வந்ததோ 1959-இல். மணமுறிவு பெற்றிருந்த மனைவி அலீசியா 1970-இல் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவரைத் துரத்தாமல் நூலகத்திலும் கரும்பலகையிலும் உலவ விட்டது. நாஷ் மீண்டதையும் டேவிஸ் வேலை செய்ததையும் அருகருகே வைத்தால் பொதுவாகத் தெரிவது ஒன்று: இருவருக்கும் அக்காலத்தில் ஒரு வீடு இருந்தது. மருந்தைத் தானே நிறுத்தலாம் என்பதற்கு இவற்றில் ஆதாரம் இல்லை. அதை மருத்துவரோடு பேசியே முடிவு செய்ய வேண்டும்.

பார்த்துச் சிரித்தவர்கள்

டேவிஸ் இனிமையாகவே பேசினார் என்று கூறமாட்டேன். இனத்தைச் சுட்டும் இழிசொற்களை வீசினார். அவற்றுக்கு நோயே முழுக் காரணம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அச்சொற்களுக்காகவே அவரைத் தூண்டிவிட்டு, வெறி எழுவதைக் கண்டு களித்த ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் கண்டது ஒரு நோயாளியின் வலியை. இறப்பதற்குச் சில மணி நேரம் முன் ஒரு நூலகத்தின் இருக்கையில் அமர்ந்து பதிவு செய்த கடைசிப் படத்தில், தம் படங்களில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டதாகவும், இணையத்தில் குப்பை சேர்க்க விரும்பவில்லை என்றும் கூறினார். அவர் நீக்கியவற்றைத்தான் பிறர் பாதுகாத்து வைத்து, எங்கள் பின் மேசை வரை கொண்டுவந்துள்ளனர்.

இதை எழுதக் கை தயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. நான் எம்.எஸ்ஸி. படித்தபோது விடுதியில் ஒரு நண்பர் இருந்தார். குவாண்டம் விசையியலில் எங்கள் எல்லோரையும்விடத் தேர்ந்தவர். இறுதியாண்டில் உறங்குவதை நிறுத்தினார். பேருந்துச் சீட்டு எண்களை நோட்டில் எழுதி, அவற்றில் தமக்கு ஒரு செய்தி இருப்பதாகச் சொன்னார். நாங்கள் அவருக்கு 'ஐன்ஸ்டைன்' என்று பட்டம் சூட்டி, புதுச் சீட்டுகளைக் கொடுத்துச் சிரித்தோம். நான் கொடுத்த சீட்டுகளும் அந்த நோட்டில் உண்டு. ஆறு வாரம் கழித்து அவருடைய அக்கா வந்து அழைத்துச் சென்றார். சிகிச்சை பெற்றுத் தேறினார். இப்போது தம் ஊரில் மின்சாதனங்கள் பழுது பார்க்கும் கடை நடத்துகிறார். அந்த ஆறு வாரத்தில் எங்களில் ஒருவராவது வார்டனிடமோ அக்காவிடமோ சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை.

மாணவர்களுக்கு

மனச்சிதைவு நோயுடன் உலகில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். பெரும்பாலும் பதினெட்டு வயதுக்கும் முப்பதுக்கும் இடையில், அதாவது கல்லூரிப் பருவத்தை ஒட்டியே இது தலைகாட்டுகிறது. நாட்கணக்கில் உறக்கமின்மை, நண்பர்களிடமிருந்து விலகல், காரணமற்ற சந்தேகம், தமக்கு மட்டும் குரலோ செய்தியோ வருவதாகக் கூறுதல் ஆகியவை ஒரு நண்பரிடம் தென்பட்டால் சிரிக்காமல், வாதிடாமல் கேளுங்கள். வீட்டாருக்கும் ஆசிரியருக்கும் தெரிவியுங்கள். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனைச் சேவையும் கிடைக்கிறது. எவ்வளவு விரைவில் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

இனி கணிப்பொறிக்கு வருவோம். இந்த அமைப்பை எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு எந்திரங்களில் ஏற்றிவைத்தேன். அன்று கைப்பேசியைக் காட்டிய மாணவன்தான் முதலில் அமர்ந்தான். திரையில் ஒரு புள்ளியை நகர்த்தும் நிரலை எழுத முயன்று, மூன்று முறை மொத்த அமைப்பையும் நிறுத்திவிட்டான். நான்காம் முறை புள்ளி நகர்ந்தது. "சார், இதை எழுதினவருக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டான். 'எழுதினவன்' என்று சொல்லவில்லை.

பெரும்பாலும் அவரே கற்றுக்கொண்டார் என்றேன். அவன் தன் பதிவேட்டில் புள்ளி நின்ற முகவரியைக் குறித்துக்கொண்டு, ஐந்தாம் முறைக்கு உட்கார்ந்தான்.